மண்ணுக்குள் ஒரு கூட்ஸ் வண்டி

என் வாழ்நாளில் நான் அடித்துக் கொன்றது ஒரே ஒரு பாம்பு. அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் குட்டை.

1994 ஜூலை மாதம். மும்பை மழை போதாதென்று அதைவிடப் பெரிய மழையைப் பார்க்க ரயிலேறிப் போகிற வழக்கம் நம்மவர்களுக்கு உண்டல்லவா? அப்படித்தான் கண்டாலாவுக்குப் போயிருந்தோம். தெரிந்தவர் ஒருவருடைய பழைய பங்களா. பின்பக்கச் சரிவு முழுக்கக் காடு. மழை சற்று ஓய்ந்த காலை வேளையில் ஆறு வயது மகள் கொல்லையில் நின்றுகொண்டு, "அப்பா, இங்க வாங்களேன், பெரிய மண்புழு!" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். கறுப்பாக, மினுமினுவென்று, பக்கவாட்டில் மஞ்சள் புள்ளிகளோடு ஒன்று சருகுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. முன்னால் போவது தலையா, பின்னால் இருப்பது தலையா என்று தெரியவில்லை. பாம்பு என்று மட்டும் புரிந்தது. கையில் குடை இருந்தது. மூன்று அடியில் முடிந்துவிட்டது.

சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். "தொடாதீங்க! இது ரெட்டைத்தலைப் பாம்பு. நக்கினா குஷ்டம் வரும்னு எங்க ஆச்சி சொல்லுவாங்க" என்றாள். திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சிமார் எல்லாரும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார்கள். என் ஆச்சியும் சொன்னதுதான்.

பங்களாவின் மாலி வந்தார். அறுபது வயதிருக்கும். குனிந்து அதை வெறுங்கையால் எடுத்தார். எனக்கு உடம்பு கூசியது. வால் பக்கத்தை என் கண்ணருகே கொண்டுவந்து காட்டினார். அது கூராக முடியவில்லை. யாரோ கத்தியால் சரிவாகச் சீவிவிட்டதுபோல மொட்டையாக இருந்தது. சீவிய இடத்தில் ஈரமண் வில்லைபோல அப்பியிருந்தது. "காபர்கவ்லியா" என்றார். "இதுக்குக் கடிக்கவே தெரியாது சாஹேப். மழைக்கு மேலே வரும், அப்புறம் உள்ளே போய்விடும்." என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மரத்தடியில் சருகை விலக்கி அதை வைத்து மூடிவிட்டுப் போய்விட்டார்.

"கடிக்காதுன்னா ஏம்ப்பா அடிச்சீங்க?" என்று மகள் கேட்டாள். நான் பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை.

மராத்தியில் 'காபர்' என்றால் மண்ஓடு, நம் ஓட்டாஞ்சில்லு. 'கவ்லே' என்றால் செதில். அந்த வால்நுனியைத் தடவிப் பார்த்த எவரோ வைத்த பெயர். ஐரோப்பியர்கள் வைத்த பெயரும் வாலைப் பற்றியதுதான். யூரோபெல்டிஸ் என்பதில் கிரேக்க மொழியின் வாலும் கேடயமும் சேர்ந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் ஷீல்ட்டெயில், தமிழில் கேடயவால் பாம்பு என்று எழுதுகிறார்கள். எனக்கென்னவோ போருக்குப் போகும் கேடயத்தைவிட ஓட்டாஞ்சில்லுதான் பொருத்தமாகப் படுகிறது.

மும்பை திரும்பியதும் ஜே.சி. டேனியல் எழுதிய இந்திய ஊர்வன பற்றிய ஆங்கிலப் புத்தகத்தை வாங்கினேன். 1983ல் வந்தது. டேனியல் நாகர்கோவிலில் பிறந்தவர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் ஆயுள் முழுக்க உழைத்து, 2011ல் மறைந்தவர். அந்தப் புத்தகமும் பிற்பாடு தேடிப் படித்தவையுமாகச் சேர்த்துப் பார்த்ததில், நான் கொன்றது பிப்சன் கேடயவால் பாம்பாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தேன்.

யார் இந்த பிப்சன்? நம் கோட்டைப் பகுதியில் ஒயின் கடை வைத்திருந்த ஆங்கிலேயர். 1883ல் தொடங்கிய இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு உட்கார இடமில்லாதபோது தன் கடையிலேயே ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுத்தவர். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஓர் இருவாச்சிப் பறவை வருடக்கணக்கில் வாழ்ந்தது. கழகத்தின் கட்டடத்துக்கு ஹார்ன்பில் ஹவுஸ் என்று பெயர் வந்தது அதனால்தான். அவர் பெயரை 1888ல் இந்தப் பாம்புக்கு வைத்தார்கள். சாராயக்கடைக்காரர் பெயரில் ஒரு பாம்பா என்று சிரிக்க வேண்டாம். மண்ணுக்குள் கிடக்கும் ஒன்றுக்கு நினைத்துப் பார்க்க ஆள் கிடைத்ததே பெரிது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் இருதலை மணியன், மண்ணுளி என்று சொல்வது வேறு பாம்பு. அது தடித்தது, பெரியது, வறண்ட நிலத்தில் வாழ்வது. இங்கே மாண்டூள் என்பார்கள். அதை வீட்டில் வைத்தால் புதையல் கிடைக்கும், லட்சக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி ஏமாற்றுகிறவர்களையும் ஏமாறுகிறவர்களையும் போலீஸ் பிடிக்கிற செய்தி மராத்திப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும். கேடயவால் பாம்பு காட்டுமண்ணில் வாழ்வது. வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் இரண்டு தலை கிடையாது. இரண்டுக்கும் விஷம் கிடையாது. குஷ்டத்துக்கும் பாம்பின் நாக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது கிருமியால் வருவது, மருந்தால் போவது. ஆச்சிமார் மன்னிக்கவும்.

ஆனால் 'ரெட்டைத்தலை' என்ற பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தப் பாம்பின் தலை சின்னது, கூரானது, கழுத்தென்று தனியாக ஒன்றும் இல்லாதது. வால்தான் தலைபோலப் பருத்துத் தெரியும். பிடித்தால் உடம்பைச் சுருட்டித் தலையை உள்ளே ஒளித்துக்கொண்டு வாலை வெளியே காட்டும். கொத்த வருகிறவன் வாலைக் கொத்தட்டும் என்று. கண்கள் கடுகு போல இரண்டு புள்ளிகள், அவற்றின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு செதில். இருட்டில் வாழ்கிறவனுக்கு அது போதும்.

இனி அது மண்ணைத் துளைக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். என்னை ஆளாக மயக்கியது அதுதான்.

கர்ஜத் ஸ்டேஷனில் வடாபாவ் வாங்கத் தெரிந்த அளவுக்கு நமக்கு அங்கே வண்டி ஏன் நிற்கிறது என்று தெரியாது. போர் காட் ஏற்றம் முப்பத்தேழு அடிக்கு ஓரடி. 1863ல் போட்ட பாதை. மலையேற வண்டியின் பின்னால் கூடுதல் எஞ்சின் கோத்துத் தள்ளுவார்கள். முன் எஞ்சின் இழுக்கும், பின் எஞ்சின் தள்ளும். நம் பாம்புக்குப் பின் எஞ்சின் கிடையாது. எல்லா எஞ்சினும் முன்னால்தான். 1978ல் கார்ல் கான்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுதிய கட்டுரைக்கே கூட்ஸ் வண்டி முறை என்றுதான் தலைப்புக் கொடுத்தார்கள். பாம்பை அறுத்துப் பார்த்தபோது உடம்பின் முன்பகுதித் தசை மட்டும் கருஞ்சிவப்பாக இருந்ததாம். பின்பகுதித் தசை வெளிறியிருந்ததாம். பிராணவாயுவைப் பிடித்துவைக்கும் பொருள் நிறைந்ததால் அந்தச் சிவப்பு. சோர்வில்லாமல் நெடுநேரம் வேலை செய்யக்கூடிய தசை. பின்னால் இருப்பது வெறும் வேகன்கள்: குடல், ஈரல், கருவில் குட்டிகள்.

எஞ்சின் எப்படி ஓடுகிறது? பாம்பின் முதுகெலும்பு தோலுக்குள்ளேயே வளைந்து நெளிகிறது. வெளியே பார்த்தால் உடம்பு நேராக இருக்கும். உள்ளே நெளியும்போது முன்னுடம்பு பருத்துச் சுரங்கத்தின் சுவரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிமானத்தில் தலையை ஆணிபோல முன்னே செலுத்தும். பிறகு முதுகெலும்பை நிமிர்த்திப் பிடியைத் தளர்த்திப் பின்னால் உள்ள வேகன்களை இழுத்துக்கொள்ளும். மறுபடி நெளிவு, மறுபடி குத்து. நாம் கிணறு வெட்டும்போது மண்ணை வாரி வெளியே போடுகிறோம். அது வாரிப் போடுவதில்லை. மண்ணைப் பக்கவாட்டில் அமுக்கியே வழி செய்கிறது. ஆகவே அதற்கு இளகிய மண் வேண்டும், ஈர மண் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அதன் தலையெழுத்து முழுக்க அடங்கியிருக்கிறது. பின்னால் அதற்கு வருகிறேன்.

இன்னொரு விந்தை. சேற்றுக்குள் வாழும் பிராணியின் உடம்பில் சேறு ஒட்டுவதில்லை. செதில்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வரிகள் இருக்கின்றன. ஈரமும் மண்ணும் அதில் நிற்காது. வெளிச்சம் பட்டால் வானவில் அடிக்கும். அன்று மழைவெளிச்சத்தில் நான் பார்த்த மினுமினுப்பு அதுதான். இப்படி உடம்பெல்லாம் மண்ணை உதறுகிற பாம்பு, வால்நுனியில் மட்டும் மண்ணைச் சேர்த்துவைக்கிறது. அங்குள்ள செதில்களில் அரம்போலச் சொரசொரப்பு. அதில் அப்பிய மண் சுரங்கத்தின் வாசலுக்கு அடைப்பான் ஆகிவிடுகிறது. பின்னாலிருந்து துரத்தி வருகிறவனுக்கு மண்சுவர்தான் தெரியும். வீட்டுக்குள் போகும்போதே கதவைத் தன்னோடு எடுத்துப் போகிற ஏற்பாடு!

சாப்பாடு மண்புழு. முட்டையிடுவதில்லை, சில குட்டிகளை உயிரோடு ஈனும். மண்ணைக் கிளறும் காட்டுப்பன்றியும் காட்டுக்கோழியும் அதற்கு எமன்கள். கோடையில் ஆழத்துக்கு, ஈரம் இருக்கும் இடத்துக்கு இறங்கிவிடும். மழை பிடித்து மண் ஊறியதும் மேலே, சருகுக்கு அடியில், மக்கிய கட்டைக்கும் கல்லுக்கும் கீழே வந்து சேரும்.

அந்தச் சருகைப் பற்றி நாலு வார்த்தை. கண்டாலா சரிவில் நாவல், கடுக்காய், இவர்கள் அஞ்சன் என்று சொல்லும் காயா, கீழே புதராகக் கார்வி. காயாவும் குறிஞ்சியும் சங்கப் புலவர்களுக்குப் பழகிய செடிகள். கார்வி அந்தக் குறிஞ்சிக்குத் தங்கை முறை. எட்டு வருஷத்துக்கு ஒருமுறை மலையே ஊதாவாகிப் பூக்கும். இவை உதிர்க்கும் இலை மழையில் ஊறி, பூஞ்சணம் பிடித்து, மக்கி, கறுப்பு மண்ணாகிறது. அந்த மண்ணில் புழு. புழு இருக்கும் இடத்தில் பாம்பு. மேலே மரத்தை வெட்டினால் வெயில் இறங்கும். மண் காய்ந்து இறுகும். கூட்ஸ் வண்டி நின்றுவிடும். மரத்தை விட்டுவைத்து, சுத்தம் என்ற பெயரில் சருகைக் கூட்டிக் கொளுத்தினாலும் அதே கதிதான். எங்கள் ஹவுசிங் சொசைட்டியில் இதைப் பற்றி நான் பேசியபோது, கமிட்டியில் ஒருவர் "நம் கட்டடத்தில் பாம்பு வளர்க்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். விட்டுவிட்டேன்.

இந்தக் குடும்பத்தில் 50க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. அதிலும் ஒவ்வொன்றும் தன் மலையோடு சரி. பறவை பறக்கும், நாகம் வயலைக் கடந்து போகும். இது எங்கே போகும்? சமவெளியின் காய்ந்த மண் இதற்குக் கடல் மாதிரி. மலைகள் தீவுகள். ஆகவே மலைக்கு ஒரு பாம்பு. சிறுமலைக்கு ஒன்று, அதன் விஞ்ஞானப் பெயரிலேயே திண்டுக்கல் இருக்கிறது. ஏற்காட்டுக்கு ஒன்று, கொல்லிமலைக்கு ஒன்று. நீலகிரியில் ஒன்று. சென்னை மாகாண வனத்துறைத் தலைவராக இருந்த கர்னல் பெடோம் 19ஆம் நூற்றாண்டில் மலைமலையாக ஏறி இவற்றில் ஏராளமானவற்றுக்குப் பெயர் கொடுத்தார். 1886ல் இந்தியா, இலங்கை மண்பாம்புகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார்.

பெயர் வைப்பதில் கூத்தும் உண்டு. பிரான்சின் குவியே 1829ல் ஒரு பாம்புக்கு இலங்கைப் பெயரை வைத்துவிட்டார். அந்தப் பாம்பு இலங்கையில் கிடையாது, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் இருக்கிறது. இருநூறு வருஷமாகப் போகிறது, இன்னும் அதே பெயரோடு காலம் தள்ளுகிறது. ரேஷன் கார்டில் தப்பாக ஏறிய பெயர் நமக்கு மட்டுமா மாறாது!

பெயர்களைத் தேடிப் படிக்கும்போதுதான் ஒன்று என்னைத் தடுக்கி நிறுத்தியது. கொல்லிமலைப் பாம்பு தனி இனம் என்று 2020ல்தான் கண்டுபிடித்து அறிவித்தார்கள். வைத்த பெயர் ராஜேந்திரன். யாரென்று பார்த்தால், பாளையங்கோட்டைக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த எம்.வி. ராஜேந்திரன்! இந்தப் பாம்புகளைப் பற்றி அவர் செய்த ஆய்வுகளை 1985ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் புத்தகமாக வெளியிட்டது. நான் பிறந்து வளர்ந்த ஊர். நான் சைக்கிளில் சுற்றித் திரிந்த தெருக்கள். அங்கே ஒருவர் இந்தப் பாம்பின் குணாதிசயங்களை எழுதிவைத்திருக்க, அந்த ஊரிலிருந்து வந்த நான் கண்டாலாவில் குடையால் அடித்துக்கொண்டிருந்தேன். நம்மிடம் இருப்பதை நாம் அறியும் லட்சணம் இதுதான்.

இன்னொரு பெயர் மனதை விட்டுப் போவதில்லை. கோவைக்குப் பக்கத்தில் ஆனைகட்டியில், சாலிம் அலி பெயரிலான பறவையியல் ஆய்வு மையத்தில் பூபதி என்ற விஞ்ஞானி இருந்தார். ஆமை, மலைப்பாம்பு என்று ஊர்வனவற்றிலேயே காலத்தைக் கழித்தவர். 2014 ஏப்ரலில் அகத்தியமலைப் பகுதியில் களப்பணிக்குப் போனவர் கீழே விழுந்து அடிபட்டு இறந்துபோனார். அவர் வேலை செய்த அதே ஆனைகட்டி மலையில் வாழும் கேடயவால் பாம்பு ஒன்று புதிய இனம் என்று 2018ல் தெரியவந்தது. அதற்கு அவர் பெயர். அவர் தினமும் நடந்த தரைக்குக் கீழேதான் அது இருந்திருக்கிறது.

மகாராஷ்டிரத்துக்கும் பங்கு உண்டு. 1980ல் 72 பாம்புகளோடு 72 மணி நேரம் ஒரே அறையில் இருந்து உலகசாதனை செய்த புனே நீலிம்குமார் கைரேயை நினைவிருக்கிறதா? 2016ல் சஹ்யாத்ரியின் ஒரு கறுத்த மண்பாம்புக்கு அவர் பெயர் வைத்தார்கள். வயநாட்டிலோ, தாமரச்சேரிக் கணவாய்க்கு வழிகாட்டிவிட்டு வெள்ளைக்காரன் கையால் மாண்டான் என்று கதை சொல்லப்படும் ஆதிவாசித் தலைவன் கரிந்தண்டன் பெயர் 2020ல் ஒரு பாம்புக்குப் போயிற்று. இருக்கிற இடத்தில் பத்து அடி தோண்டினால் புது இனம் கிடைக்கலாம் என்ற நிலைமை இன்றும் இருக்கிறது. தோண்டுகிறவர்கள்தான் வேறு ஆட்கள்.

2022 ஜூலையில் மகள் எங்களைக் காரில் அழைத்துப் போனாள். முதலில் கண்டாலா. பழைய பங்களா இல்லை. சரிவை ஜேசிபி வைத்துப் படிக்கட்டு மாதிரி வெட்டி, கான்கிரீட் சுவர் எழுப்பி, மேலே டைல்ஸ் பதித்து, நீச்சல்குளம். மாலி அந்தப் பாம்பைப் புதைத்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மழையில் நனைந்துகொண்டே பத்து நிமிஷம் தேடினேன். காவலாளி சந்தேகமாகப் பார்த்ததும் வந்துவிட்டேன்.

அங்கிருந்து முல்ஷி வழியாகத் தாம்ஹிணி காட் போனோம். இரவு தங்கி, விடியற்காலையில் மலைச்சாலையில் நடந்தோம். அங்கே இன்னும் காடு இருக்கிறது. ஆனால் காட்டின் நடுவே தார்ரோடு. மழையில் மேலே வரும் பாம்புக்குச் சருகும் தாரும் ஒன்றுதான். தார் மேல் ஏறியபின் தலையைக் குத்தினால் இறங்காது. வழுவழுப்பான தரையில் அதன் நடை மிக மெதுவானது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை; அருவி பார்க்க வந்த வண்டிகள் எத்தனை நூறோ. அரைமணி நேர நடையில் ரப்பர் துண்டுபோல நசுங்கிக் கிடந்தவை நான்கு. மூன்று, சாலையின் நட்டநடுவில். ஒன்று ஓரத்துக்கு வந்து சேர ஒரு சாண் பாக்கி.

ஐந்தாவது உயிரோடு இருந்தது. வெள்ளைக்கோட்டைத் தாண்டாமல், தாரை முகர்ந்தபடி, தலையைச் சாய்த்துச் சாய்த்து ஒரு பள்ளம் தேடிக்கொண்டிருந்தது. தூரத்தில் லாரிச் சத்தம். என்னிடம் இருந்தது குடைதான். குடை நுனியை அதன் கீழே கொடுத்தேன், வழுக்கி விழுந்தது. மனைவிதான், "நகருங்க" என்று என்னை விலக்கிவிட்டுக் குனிந்தாள். எழுபதை நெருங்கும் வயது, முழங்கால் வலி. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அதை எடுத்தாள். அது சுருண்டு அவள் மணிக்கட்டில் வாலை வைத்து அழுத்தியது. "என்னங்க, குத்துது" என்றாள். ஆனால் விடவில்லை. சாலையோரச் சருகில் இறக்கி வைத்தாள்.

கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு கூர்ந்த பக்கம் மண்ணைத் தொட்டது. உடம்பு அப்படியே இருக்க, கழுத்துப் பக்கம் மட்டும் பருத்தது, மெலிந்தது, பருத்தது. ஒவ்வொரு தடவையும் அரை விரற்கடை உள்ளே போயிற்று. லாரி எங்களைத் தாண்டிப் போனது, சேறு தெறித்தது. அதற்குள் பாதிப் பாம்பு போய்விட்டிருந்தது. கடைசியில் வால்நுனி மட்டும் தரைமட்டத்தில் நின்றது. மண் அப்பிய சின்ன வில்லை. மகள் போனை எடுத்துப் படம் பிடித்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தில் சருகும் மண்ணும்தான் இருக்கின்றன. பாம்பு எங்கே என்று எங்களாலேயே காட்ட முடியவில்லை.